ஐந்துக்கு ஒரு குறுக்குக்கோடு

23 செப்டம்பர் 2024, திங்கள்

காலை ஆறு மணிக்கே மான்குர்ட் பக்கம் நெடுஞ்சாலைச் சந்திப்பில் போய் நின்றேன். லாரிக் கணக்கெடுப்பின் முதல் நாள். ஏஜென்சி ஆட்கள் கம்பத்தில் கேமராவைக் கட்டிவிட்டு வடாபாவ் தின்னப் போய்விட்டார்கள். கேமரா எண்ணும், அவர்கள் தின்பார்கள், நான் கையெழுத்துப் போடுவேன். இதற்குப் பெயர் அறிவியல் முறை.

தேதி மட்டும் நான் தேர்ந்தெடுத்தது. கணபதி நாட்களில் கனரக வண்டிகளுக்குத் தடை இருக்கும், அப்போது எண்ணினால் கணக்கு பொய்யாகிவிடும். அதனால் சிலைகளைக் கரைக்கும் விசர்ஜன் முடிந்து ஒரு வாரம் தள்ளி வைத்தேன். எங்கள் போக்குவரத்துத் திட்டப் பிரிவின் தலைவர் கர்மார்க்கர் சார், நல்ல யோசனை என்றார். பதினாறு வருட சர்வீஸில் இது அவரிடம் வாங்கும் மூன்றாவது பாராட்டு. என்னிடமே சொல்லிக்கொண்டேன்: பொன்செல்வி, குறித்து வைத்துக்கொள்.

சாயங்காலம் அப்பா கேட்டார்: “லாரி எண்ணுதியளாமே, என்னைக்கு என்னைக்கு?” வாஷி மசாலா மார்க்கெட்டில் மிளகாய்க் கிடங்கில் இருபத்தொன்பது வருஷம் மூட்டை எண்ணியவர். லாரியிலிருந்து மூட்டை இறங்க இறங்க நோட்டில் கோடு போட வேண்டும். நான்கு கோடு, ஐந்தாவதுக்கு ஒரு குறுக்குக்கோடு. எண்ணுவது என்று காதில் விழுந்தால் போதும், நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். இப்போதெல்லாம் கேமராதான் எண்ணுகிறது அப்பா என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

25 செப்டம்பர்

கணக்கெடுப்பு முடிந்தது. மூன்று நாளும் மழை இல்லை, பந்த் இல்லை, விபத்து இல்லை. இவ்வளவு சுத்தமான கணக்கு இதுவரை என் கைக்கு வந்ததில்லை.

18 அக்டோபர்

வரைவுத் திட்டம் இன்று மேலே போனது. விஷயம் எளிது. நகரத்தின் நடுவே, மாட்டுங்கா, தாதர் வழியாகப் போய்க்கொண்டிருக்கும் சரக்கு லாரிகளை உள்ளே விடாமல் கிழக்கே திருப்பி அனுப்புவது. அதற்கு நான்கு இணைப்புச் சாலைகள். இதில் நான்காவது, இணைப்பு-4, செம்பூரில் எங்கள் கட்டடத்தின் கீழே போகிறது. அப்பாவின் ஜன்னலுக்கு நேர் கீழே.

வரைபடத்தைப் பார்த்த உதவியாளர், மேடம், இது உங்கள் வீட்டுச் சாலை அல்லவா, கொஞ்சம் நகர்த்தி வைக்கலாமே என்றான். எனக்குச் சுள்ளென்று வந்தது. என் வீட்டைக் காப்பாற்ற இன்னொருவர் வீட்டு வாசலுக்கு லாரியை அனுப்பவா நான் உத்தியோகம் பார்க்கிறேன்? நம் கணக்குப்படி மணிக்கு எழுபது லாரிதான் அந்தப் பக்கம் திரும்பும். நூறு வரை குடியிருப்புச் சாலையில் விடலாம் என்பது விதி. எண் சரியாக இருந்தால் யார் வீடாக இருந்தால் என்ன என்று பெரிய பேச்சு பேசினேன். அவன் வரைபடத்தைச் சுருட்டினான்.

இந்த வீட்டை மூன்று வருஷம் முன்பு கடன் போட்டு வாங்கியதே அப்பாவுக்காகத்தான். தாராவி அறையில் அவருக்கு மூச்சு ஏறவில்லை. மிளகாய்த் தூசி தின்ற நுரையீரல், இனி நல்ல காற்றுதான் மருந்து என்று டாக்டர் சொன்னார். இங்கே ஜன்னலைத் திறந்தால் ஒரு வாதாம் மரம் இருக்கிறது.

2 டிசம்பர், திங்கள்

திட்டம் சோதனை முறையில் இன்று தொடங்கியது. கர்மார்க்கர் சார் அலுவலகத்தில் எல்லோருக்கும் பேடா கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சாலையைக் கடக்க எனக்குப் பதினொரு நிமிடம் ஆனது. முதல் நாள், வழி தெரியாமல் எல்லாரும் ஒரே பக்கம் வருகிறார்கள். போகப் போகச் சரியாகும்.

5 டிசம்பர்

சரியாகவில்லை.

13 டிசம்பர்

ஜன்னலை முழுதாக மூடிவிட்டோம். இடுக்கில் பழைய துணியைச் செருகி டேப் ஒட்டினேன். காலையில் வெள்ளையாக இருந்த துணி சாயங்காலம் சாம்பல் நிறம். ஆக்சிஜன் அளவு பார்க்க அப்பாவின் விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்று ஒன்று காட்டுகிறது. போன மாதம் தொண்ணூற்று ஐந்து. மூச்சு மருந்து பம்ப், ஒரு நாளைக்கு இரண்டு முறை அடித்தது இப்போது ஐந்து முறை.

இன்றைய செய்தித்தாளில் மாட்டுங்காவில் காற்று மாசு கணிசமாகக் குறைந்தது என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். ஒரு பெரியவர் பூங்காவில் யோகா செய்கிறார். அப்பாவின் வயதுதான் இருக்கும். அவரைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டும், அதற்குத்தானே இரண்டு வருஷம் உழைத்தேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. முன்பின் தெரியாத மனிதர், மூச்சு இழுத்து விடுகிறார், அதற்கு ஒரு கோபம்.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ் ஆராதனை. கோயிலில் பதினான்கு படி. அப்பா ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். “நீ போ பிள்ளே, பாட்டுச் சத்தம் இங்கனயே கேக்கு” என்றார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். புதுச் சட்டையின் கசங்கலை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தார்.

9 ஜனவரி 2025

காய்ச்சல் மாதிரி இருந்ததால் இன்று லீவு. எட்டு மணிக்கு எழுந்து வந்தால் அப்பா ஜன்னலோரம் நின்றுகொண்டிருக்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், கையில் நோட்டு. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார மாட்டேன் என்றார்.

“ஒக்காந்து எண்ணுனா தப்பும். மூட்டையும் அப்படித்தான், லாரியும் அப்படித்தான்.”

ஒன்பது மணி வரை நின்றார். நடுவில் இரண்டு முறை பம்ப் அடித்தார், அப்போதும் கண் சாலையை விட்டு நகரவில்லை. கூட்டிப் பார்த்தால் இருநூற்று முப்பத்தொன்று.

இருநூற்று முப்பத்தொன்று! நான் எழுதியது எழுபது. எழுபதுக்கும் இருநூறுக்கும் நடுவில் எங்கே போனேன்? கேமரா ஒழுங்காகத்தான் வேலை செய்தது. மூன்று நாள் படத்தையும் நானே ஓட்டிப் பார்த்தேன். அப்போ அந்த லாரியெல்லாம் எங்கிருந்து வருது?

எத்தனை நாளாக எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். “கொஞ்ச நாளாத்தான்” என்று நோட்டை மூடிக்கொண்டார்.

17 ஜனவரி

பொதுமக்களின் ஆட்சேபங்கள் வந்து குவிகின்றன. மராத்தி, இந்தி, இங்கிலீஷ், இரண்டு குஜராத்தி. தமிழில் ஒன்றே ஒன்று, எண் 117. படிக்க ஆள் இல்லாததால் மொழிபெயர்க்கச் சொல்லி என் மேஜைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

‘ஐயா, எனக்கு வயது எழுபத்தொன்று. இணைப்பு-4 சாலையில் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். டிசம்பர் 16 முதல் ஜனவரி 11 வரை, ஞாயிறு நீங்கலாக, தினமும் காலை எட்டு முதல் ஒன்பது வரை நின்று எண்ணியதில் மிகக் குறைந்தது 188, மிக அதிகம் 240. திட்டத்தில் 70 என்று உள்ளது. தயவுசெய்து மறுபடி எண்ணவும். என் மகள் இதே அலுவலகத்தில் இருக்கிறாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கணக்கு மட்டும் தப்பு. இப்படிக்கு, த. ஞானதுரை.’

கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு வந்து மொழிபெயர்த்தேன். மகளைப் பற்றிய இரண்டு வரிகளையும் விடவில்லை. நான் நேர்மையான அதிகாரி அல்லவா.

22 ஜனவரி

ஆட்சேபங்கள் மீதான விசாரணை. மேடையில் கர்மார்க்கர் சார், பக்கத்தில் கோப்புகளோடு நான். அப்பா வரவில்லை, வர முடியவில்லை. மணல், ஜல்லி ஓட்டும் லாரி உரிமையாளர்கள் சார்பில் ஒருவர் எழுந்தார். கரீம் பாட்சா, கடையநல்லூர்க்காரர், வாஷியில் நான்கு லாரி வைத்திருக்கிறார். அவர்களுக்கும் இந்தச் சுற்று வழியால் டீசல் நஷ்டம். முதலில் இந்தியில் பேசினார். என் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.

“தங்கச்சி, நீங்க எண்ணின தேதியப் பாத்தேன். செப்டம்பர் இருவத்திமூணு, நாலு, அஞ்சு. அது பித்ருபக்ஷ்லா. செத்தவங்களுக்குத் திதி குடுக்கிற பதினஞ்சு நாளு. இங்க உள்ளவங்க அந்த நாள்ல புதுசா ஒரு செங்கல்லு எடுத்து வைக்க மாட்டாங்க. மண்ணு தோண்ட மாட்டாங்க, மால் வாங்க மாட்டாங்க. என் நாலு வண்டியில மூணு ஷெட்டுல நிக்கும். நானே முஸ்லிம், எனக்குத் தெரியும். லாரியே ஓடாத நாளாப் பாத்து எண்ணியிருக்கீங்களே.”

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். என்ன சொல்கிறார் இவர் என்று சார் என் பக்கம் குனிந்தார். நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். இந்த வாரம் முழுக்க எனக்கு எதிராக நானே மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன்.

கணபதியைத் தள்ளி வைத்தேன். தள்ளி வைத்துக் கொண்டுபோய் இதற்குள் போட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து நாற்பத்துமூன்று வருஷம் வாழ்ந்தவள். அந்த நாட்களில் நகைக்கடைகள் காற்று வாங்கும் என்பது எனக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்காரர் காருக்குப் பணம் கட்டிவிட்டு நவராத்திரி வரை எடுக்காமல் இருந்ததும் தெரியும். லாரிக்கும் அதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. விடுமுறைப் பட்டியலில் அது இல்லை. எங்கள் வீட்டுக் காலண்டரிலும் இல்லை.

அதே நாள், சாயங்காலம்

அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“எனக்கு டிசம்பர்லயே தெரியும். நோட்டீஸ்ல தேதி போட்டிருந்துச்சு. மார்க்கெட்ல அந்தப் பதினஞ்சு நாளும் எங்களுக்கு வேலையே இருக்காது. சீட்டு வெளாடிக்கிட்டு இருப்போம்.”

“ஏன்ப்பா சொல்லல?”

“சொன்னா ஒடஞ்சு போவ. எண்ணிக் காட்டுனா ஒங்க ஆபீஸே திருத்திக்கிடும்னு நெனச்சேன்.”

செப்டம்பரில் என்னைக்கு என்னைக்கு என்று கேட்டாரே. ரெண்டு நிமிஷம் நின்னு பதில் சொல்லியிருந்தா என்ன? குளிக்கப் போனேனாம், குளிக்க. அப்படி என்ன அவசரம் எனக்கு?

27 ஜனவரி

தவறு என்னுடையது, மறுபடி எண்ண வேண்டும், அதுவரை லாரிகளைத் திருப்பி விடுவதை நிறுத்த வேண்டும் என்று குறிப்பு எழுதி சாரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மேலிடம் ஏற்கெனவே வெற்றி என்று அறிவித்துவிட்டது, இப்போது நிறுத்தினால் மாட்டுங்காக்காரர்கள் தெருவில் இறங்குவார்கள் என்றார். பருவகாலத் திருத்தம் சேர்க்கப்பட்டது என்று ஒரு வரி எழுதி முடித்துவிடு என்றார்.

எவ்வளவு திருத்தம் சார் என்று கேட்டேன்.

எவ்வளவு சேர்த்தால் நூறைத் தாண்டாதோ அவ்வளவு என்றார். சிரிக்காமல் சொன்னார்.

3 பிப்ரவரி

எல்லா ஆட்சேபங்களுக்கும் பதில் அனுப்பும் வேலை. 117-க்கும் அனுப்ப வேண்டும். தமிழில் எழுதியவருக்குத் தமிழில்தான் பதில் போக வேண்டுமாம், அந்த மரியாதையில் குறைவில்லை. ‘தங்கள் ஆட்சேபம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. முறைப்படி நடத்தப்பட்ட கணக்கெடுப்பின்படி வாகன எண்ணிக்கை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. ஆகவே ஆட்சேபம் ஏற்கப்படவில்லை.’ கீழே என் கையெழுத்து.

போட மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வேலை போகும், வீட்டுக் கடன் நிற்கும், அப்பாவின் ஆக்சிஜன் எந்திரத்துக்கு வாடகை யார் தருவது? இதெல்லாம் உண்மைதான். ஆனால் கையெழுத்துப் போட்ட நிமிஷம் இதில் ஒன்றுகூட என் நினைவில் இல்லை. எதிரே தாள் இருந்தது, கையில் பேனா இருந்தது, போட்டேன். பழக்கம்.

7 பிப்ரவரி

பதிவுத் தபால் இன்று வந்துவிட்டது. நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் அப்பா கையெழுத்திட்டு வாங்கிப் படித்து, மடித்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். மூக்கில் குழாய். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிகிறது.

“நல்லா எழுதியிருக்க. ஒரு எழுத்துப் பிழை இல்ல.”

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் நான் எழுதிய கட்டுரையைப் பக்கத்து வீட்டாரிடம் காட்டுவாரே, அந்த முகம்தான். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

11 பிப்ரவரி

ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. விரல் கருவியில் எண்பத்து நான்கு.

19 பிப்ரவரி

லாரி இன்னும் அதே அளவா என்று கேட்டார். குறைந்துவிட்டது அப்பா என்றேன். “எத்தன?” என்றார். எண் சொல்லாமல் விடமாட்டார். எழுபது என்றேன்.

தலையை ஆட்டினார். நம்பவில்லை. எண்ணாமல் எண் சொல்கிறவர்களை அவருக்குத் தெரியும்.

1 மார்ச்

அப்பா காலை ஆறு நாற்பதுக்குப் போய்விட்டார்.

4 மார்ச்

கர்மார்க்கர் சார் வந்திருந்தார். எழுபத்தொன்று, நல்ல வயது என்றார். கரீம் பாட்சாவும் வந்தார், அரைமணி உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது ஜன்னல் பக்கம் பார்த்தார். துணி செருகிய இடுக்கையும், கீழே ஊர்ந்துகொண்டிருந்த வண்டி வரிசையையும் பார்த்தார். “இதுல என் வண்டியும் போவுதும்மா” என்றார். அவரைச் சமாதானப்படுத்தும் நிலையில் நான் இல்லை.

20 ஏப்ரல்

சான்பாடாவில் ஓர் அறை பார்த்துக் குடிவந்துவிட்டேன். அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. வாடகைக்கு விடச் சொல்லித் தரகரிடம் சாவி கொடுத்திருக்கிறேன். யாரும் குடிவரவில்லை. பார்க்க வந்தவர்களும் ஜன்னல் வழியே சாலையைப் பார்த்ததோடு சரி.

16 ஜூன்

கரீம் பாட்சா விடவில்லை. மனுமேல் மனுப் போட்டு, மேற்பார்வைக் குழு வரை போயிருக்கிறார். லாரிகளை மீண்டும் எண்ண வேண்டும் என்று குழு உத்தரவிட்டிருக்கிறது! கோப்பில் அந்த வரியை மூன்று முறை படித்தேன். அப்பா கேட்டது அதுதானே, ‘தயவுசெய்து மறுபடி எண்ணவும்’. பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

29 ஆகஸ்ட்

மறு கணக்கெடுப்பின் தேதி வந்துவிட்டது. செப்டம்பர் 15, 16, 17.

இந்த முறை காலண்டரைப் பார்த்தேன். பித்ருபக்ஷ் எட்டாம் தேதி தொடங்கி இருபத்தொன்று வரை.

நேராக சாரின் அறைக்குப் போனேன். அவர் வீட்டிலும் திதி கொடுப்பார்கள், அவருக்குத் தெரியாததா? பொறுமையாக விளக்கினார். போன வருடக் கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் அதே பருவத்தில் எண்ணுவதுதான் முறை, வேறு மாதத்தில் எண்ணினால் ஒப்பீடு செல்லாது என்றார். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனக்கும் அதே புத்தகம்தான்.

எதிர்ப்புக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். வாங்கிக் கோப்பில் சேர்த்தார்கள். பக்கம் 211.

17 செப்டம்பர்

இணைப்பு-4இல், காலை எட்டு முதல் ஒன்பது வரை, மூன்று நாள் சராசரி: 96.

அறிக்கையின் கடைசி வரி: முந்தைய முடிவு உறுதி செய்யப்படுகிறது. கையெழுத்துப் போட மறுத்தேன். பரவாயில்லை என்று உதவியாளனைப் போடச் சொன்னார்கள். அவன் போட்டான். என்னைப் பழைய கோப்புகளின் காப்பக அறைக்கு மாற்றும் உத்தரவு மூன்று மணிக்கு வந்தது. மறுத்தேன், ஏழு மாதம் தாமதமாக. யாருக்கு என்ன பயன்?

21 செப்டம்பர், ஞாயிறு

தரகர் ஆள் கூட்டி வருவதாகச் சொன்னதால் செம்பூர் போனேன். பாண்டுப்பிலிருந்து ஒரு இளம் தம்பதி. அவள் பெயர் அஃப்ஷா, ஆறு மாத கர்ப்பிணி. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், பிறந்தது இங்கேதான். கணவன் அடுக்களைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நேராக ஜன்னலுக்குப் போனாள், டேப்பைக் கிழித்துத் திறந்தாள்.

“மரம் இருக்கு! ரோடும் சாந்தமாத்தான் இருக்குக்கா. குழந்தைய இங்கேயே படுக்க வைக்கலாம்.”

சாலை காலியாகக் கிடந்தது. ஒரு நாய் குறுக்கே மெதுவாகப் போனது. தரகர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு, மாதாமாதம் தவணை கட்டுகிறேன். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

அலமாரியில் இருந்து அப்பாவின் நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“எனக்குத் தமிழ் படிக்க வராதேக்கா.”

“இதுல தமிழ் இல்லம்மா. கோடுதான். ஒரு கோடு ஒரு லாரி. ஒரு பக்கம் ஒரு மணி நேரம்.”

ஜனவரி ஒன்பதாம் தேதிப் பக்கத்தை விரல் வைத்து எண்ணினாள். மூன்றாவது வரிசையில் விட்டுவிட்டாள். “இப்ப ஒண்ணுமே இல்லையே?”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. இன்னைக்கோட பித்ருபக்ஷும் முடியுது. ஒரு பத்து நாள் கழிச்சு, காலையில எட்டு மணிக்கு வந்து இதே இடத்துல நில்லு. பாத்துட்டு அப்புறம் சொல்லு.”

தரகர் சாவியை என் கையில் அடித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அவள் கணவன் அவளைக் கூப்பிட்டான். போகத் திரும்பியவள் நோட்டை மூடி, அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

“இதெல்லாம் யாருக்கா எண்ணுனது?”

“எங்க அப்பா.”

“எண்ணி யார்கிட்டயாவது குடுத்தாங்களா?”

“குடுத்தாரு” என்றேன். “எங்கிட்டதான் குடுத்தாரு.”